பதினொன்றாவது ஆளின் நாற்காலி

கோத்தகிரி மைதானத்துக்கு ஒரு சரிவு உண்டு.
வடக்கு கோல் பக்கம் பந்து தானாக ஓடும்,
தெற்கே தள்ளிக்கொண்டு ஏற வேண்டும்.
இடைவேளைக்குப் பின் ஏற்றம் எங்களுக்கு.

முப்பத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
கோவில்பட்டி ஒன்பதாம் எண்காரி
என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.
என் கால் போகவில்லை, மட்டை மட்டும் போனது.
அவள் கணுக்காலில் பட்ட சத்தம்
விசிலுக்கு முன்பே எனக்குக் கேட்டது.

தேவசகாயம் சார் பைக்குள் கைவிட்டார்.
பச்சை, பச்சை என்று அவர் விரல்களை வேண்டினேன்.
மஞ்சள்.

பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் சேற்றில் புதைந்தது.
ஐந்து நிமிடம் என்றாள் கடிகாரம் வைத்திருந்தவள்,
அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால்
சொல்வார்களே, அந்தக் குரலில்.

உட்கார்ந்ததும் முதலில் வந்தது வெட்கமில்லை,
மூச்சு.
நேற்றிரவு இரண்டு மணிவரை
ஃபேக்டரி மாடியில் வாடல் இலையைப்
புரட்டிய தோள்
இப்போதுதான் கீழே இறங்கியது.
நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மைதானத்தைப் பார்த்தேன்.

என் இடத்தில் ஓர் ஓட்டை.
அதையும் தன்னுடையதையும் சேர்த்து
லோகேஸ்வரி ஓடிக்கொண்டிருந்தாள்.
ஒரு பெனால்டி கார்னர். கோல் கோட்டிலிருந்து
பாய்ந்து போய் முழங்காலில் வாங்கினாள்.
இன்னொன்று. மறுபடி பாய்ந்தாள்.
மூன்றாவதை பெல்சியா காலுறையால் உதைத்தாள்,
எங்கே போனதென்று பார்க்காமலே.

"பத்துப் பேர்தான்டி, இப்பவே முடிச்சிருங்க!"
கோவில்பட்டி கோச்சின் தொண்டை கிழிந்தது.
அவர்களும் முடிக்கத்தான் வந்தார்கள்,
பதினோரு பேரும், தடுப்பாட்டக்காரிகள் உட்பட,
இறக்கத்தில் வந்து, திரும்ப ஏறி, மறுபடி வந்து.
கரிசல் மண்ணில் பழகிய நெஞ்சு.
இங்கே ஆறாயிரம் அடி.
நான்காவது கார்னருக்குக் கோட்டில் நின்றபோது
அவர்களில் நான்கு பேர் கை இடுப்பில் இருந்தது.
பந்து கம்பத்துக்கு மேலே பறந்து
டீத்தோட்டத்துக்குள் விழுந்தது.
எடுக்கப் போனவள் நடந்துதான் போனாள்.

இலை நிறுக்கும்போது முள் எப்போது நகர்ந்ததென்று
நிறுக்கிறவனுக்கே தெரியாது.
அப்படித்தான் இதுவும்.
தடுத்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்,
அடித்தவர்கள் அதற்கு முன்பே.

"போ" என்றாள் கடிகாரக்காரி.

பனி இறங்கி தெற்கு கோல் பாதி இல்லாமல் இருந்தது.
லோகேஸ்வரி என்னைப் பார்க்காமலே பந்தைத் தள்ளினாள்.
ஏற்றத்தில் ஓடினேன்.
இருபத்திரண்டு பேரில்
ஓடுகிற கால் எனக்கு மட்டும்தான் இருந்தது.
அது நான் சம்பாதித்ததில்லை.
பின்னால் ஒன்பதாம் எண்காரி துரத்தி வந்தாள்,
ஒரு காலடி கனமாக, ஒன்று லேசாக.
அவள் ஏன் எட்டவில்லை என்பது
அவளுக்கும் எனக்கும் தெரியும்.
வட்டத்துக்குள் பெள்ளிக்குக் கொடுத்தேன்.
பலகையில் 'டக்'.

யாரும் கட்டிப்பிடிக்க வரவில்லை.
நின்ற இடத்திலேயே குனிந்து
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கடைசிக் கால்பகுதியில் லோகேஸ்வரிக்குக் கெண்டைக்கால் பிடித்தது.
அவள் விழுந்த வழியாகவே
அவர்கள் சமன் செய்தார்கள். இரண்டுக்கு இரண்டு.
லோகேஸ்வரி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை,
கோபமா, பேச மூச்சில்லையா, கேட்கவில்லை.

குழாயடியில் ஒன்பதாம் எண்காரி
வீங்கிய கணுக்காலைத் தண்ணீரில் நீட்டியிருந்தாள்.
"ஏக்கா, உங்க ஊர்ல காத்துக்கும் ரேஷனா?"

எனக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது
என்று சொல்ல வாய் வரவில்லை.
குழாயை இன்னும் ஒரு சுற்று திறந்துவிட்டேன்.
"ஐயோ, ஐஸு!" என்று
காலை இழுத்துக்கொண்டாள்.